ஸ்மார்ட் காஷுவல்னா என்னப்பா?

மெயிலில் மூன்றே வரி. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு நேர்காணல். போர்ட்ஃபோலியோவைக் கொண்டுவரவும். டிரஸ் கோட்: ஸ்மார்ட் காஷுவல்.

முதல் இரண்டு வரிகளால் யாருக்கும் தொந்தரவில்லை. மூன்றாவது வரியில்தான் வீடு இரண்டுபடுகிறது. அம்மா பீரோவைத் திறந்து, அக்கா கல்யாண ரிசப்ஷனுக்கு எடுத்த பளபளப்புச் சட்டையை வெளியே எடுக்கிறார். “ஸ்மார்ட்டுன்னு போட்டிருக்கான்ல, டை கட்டிட்டுப் போ” என்கிறார் அப்பா. “டை கட்டிட்டுப் போனா, கிரெடிட் கார்டு விக்க வந்தவன்னு நினைச்சு செக்யூரிட்டி திருப்பி அனுப்பிடுவாரு ப்ரோ” என்று வாட்ஸ்அப்பில் சிரிக்கிறான் நண்பன். கூகுளில் தேடினால் லண்டன், நியூயார்க் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். கம்பளிக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், கணுக்கால் தெரியும் பேன்ட். மே மாதத்தில் தாம்பரத்தில் ரயிலேறி நுங்கம்பாக்கத்தில் இறங்க வேண்டியவனுக்கு அந்தப் படங்களால் என்ன பிரயோஜனம்?

வங்கி வேலை என்றால் இந்தக் குழப்பம் கிடையாது. விளம்பர நிறுவனம், டிசைன் ஸ்டூடியோ, அனிமேஷன், விஎஃப்எக்ஸ், கேமிங், ஆர்க்கிடெக்ட் அலுவலகம், ஃபேஷன், பத்திரிகை என்று ‘கிரியேட்டிவ்’ முத்திரை விழுந்த இடங்களுக்குப் போகும்போதுதான் கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் நீள்கிறது. ஃபார்மலாகப் போனால் கற்பனை இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ, சாதாரணமாகப் போனால் மரியாதை தெரியாதவள் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று இரண்டு பக்கமும் பயம். விளம்பரத் துறையில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். “நாங்க டிரஸ்ஸையெல்லாம் பாக்கறதே இல்ல” என்று அவர்கள் சொல்வதை முழுசாக நம்பாதீர்கள். பார்ப்பதுதான் அவர்களுக்குத் தொழில்.

ஒரே சாலை, பல வேஷம்

சென்னை தரமணியில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் இந்தக் கதை பாதி புரிந்துவிடும். 2000-ல் திறந்த டைடல் பார்க் அங்கே இருக்கிறது. ஆடை வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கும் நிஃப்ட் இருக்கிறது. அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பத்திரிகையாளர்களை உருவாக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசமும் அதே வட்டாரம்தான். டக்-இன் செய்து கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்குபவர் எந்தப் பக்கம் நடப்பார், அஜ்ரக் துப்பட்டாவும் வெள்ளி மூக்குத்தியும் போட்டவர் எந்தப் பக்கம் திரும்புவார், நேற்றைய டி-ஷர்ட்டோடு டீக்கடையில் நிற்பவர் எங்கே படிக்கிறார் என்று பந்தயம் கட்டினால் பெரும்பாலும் ஜெயிக்கலாம்.

தமிழ்நாட்டில் ‘இன்டர்வியூ டிரஸ்’ என்று ஒன்று இவ்வளவு இறுக்கமாக உருவானதற்கு ஐ.டி. அலைக்குப் பெரிய பங்கு உண்டு. பொறியியல் கல்லூரிகள் பெருகின. கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. ப்ளேஸ்மென்ட் ஆபீஸர்கள் வகுப்பறை வகுப்பறையாகப் போய்ப் பாடம் எடுத்தார்கள். வெளிர் நீலச் சட்டை, கறுப்பு பேன்ட், ஷூவும் பெல்ட்டும் ஒரே நிறம், முகத்தில் முடி கூடாது. கேலி செய்வதற்கு சுலபமாக இருந்தாலும் அந்தச் சீருடை செய்த நன்மையை மறுக்க முடியாது. தர்மபுரி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த பையனும் அண்ணா நகர்ப் பையனும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி நின்றார்கள். யாருடைய அப்பா என்ன வேலை என்று சட்டை சொல்லவில்லை.

கலைக்காரர்களின் சீருடை வேறு. அது ஐ.டி.க்கு முந்தியது. ஜிப்பா, ஜோல்னா பை, நாலு நாள் தாடி. ஒருகாலத்தில் தமிழ் சினிமாவில் எழுத்தாளர், ஓவியர் என்றாலே இந்த மூன்றையும் மாட்டிவிடுவார்கள். சமூகத்தின் இஸ்திரி ஒழுங்குக்குள் நான் வரமாட்டேன் என்று அறிவித்த உடை அது. பிறகு எல்லோரும் அணிய ஆரம்பித்ததும் அதுவே ஓர் ஒழுங்காகிவிட்டது. இன்றைய ஜிப்பா, கறுப்பு டி-ஷர்ட். எந்த விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாலும் பத்துக்கு ஆறு பேர் அதில் இருப்பார்கள். ‘எங்களுக்கு டிரஸ் கோடே கிடையாது’ என்று பெருமையாகச் சொல்வதும் அவர்கள்தான்.

பெரிய கலைஞர்கள் விதவிதமாக இருந்தார்களே என்று கேட்கலாம். எம்.எஃப்.உசேன் வெறுங்காலோடு உலகத்தைச் சுற்றினார். பாலுமகேந்திராவைத் தொப்பி இல்லாமல் பார்ப்பது அபூர்வமாக இருந்தது. மிஷ்கின் இரவிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. ஆனால், உசேன் வேலை தேடிய வயதில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்தார். பேனர் கம்பெனி முதலாளி அவருடைய காலைப் பார்த்துக் கூலி கொடுத்திருக்க மாட்டார். கையெழுத்தைப் போல ஓர் உடை அமைவது, கையெழுத்துக்கு மதிப்பு வந்த பிறகு. இருபத்திரண்டு வயதில் தொப்பி போட்டுக்கொண்டு போனால், முதல் பத்து நிமிடம் எல்லோரும் தொப்பியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

சட்டை நிறத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை ‘உங்கள் ஆளுமையை வெளிப்படுத்துங்கள்’ என்பது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆளுமையை வெளிப்படுத்த போர்ட்ஃபோலியோ இருக்கிறது. உடை சொல்ல வேண்டியது, போகிற வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்பதைத்தான்.

சினிமாவில் டி.ஐ. செய்யும் அறையை எடுத்துக்கொள்வோம். படத்தின் நிறங்களை ஃபிரேம் ஃபிரேமாகச் சரிசெய்யும் இடம். அங்கே சுவர் சாம்பல் நிறத்தில் இருக்கும். விளக்கு மங்கலாக, எந்தச் சாயலும் இல்லாமல் இருக்கும். கண்ணுக்கு வேறு நிறம் எதுவும் ஊட்டக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அந்த அறைக்குள் ஒருவர் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டையோடு வந்து மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால், சட்டையின் சாயல் திரையில் விழும். கதாநாயகியின் கன்னம் திடீரென்று சிவக்கும். அனுபவமுள்ள கலரிஸ்டுகள் பலர் சாம்பல், கறுப்பு என்று சுற்றுவது ஸ்டைலுக்காக இல்லை. உதவி கலரிஸ்ட் வேலைக்குச் சாம்பல் நிறச் சட்டையில் போகிறவர், வாயைத் திறக்காமலே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறார்.

நகைக்கடை விளம்பரங்களுக்குப் படம் எடுக்கும் போட்டோகிராபர்களும் இதே கட்சி. ஒரு எவர்சில்வர் குடத்தை செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள். குடத்தின் வயிற்றில் நீங்களே தொப்பையோடு தெரிவீர்கள். சட்டை மஞ்சள் என்றால் குடத்தில் ஒரு மஞ்சள் பட்டை ஓடும். தங்க வளையல், குத்துவிளக்கு, வாட்ச் எல்லாவற்றுக்கும் இதே பிரச்னை. அதனால்தான் அங்கே கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்கள் கறுப்பு அணிகிறார்கள். செய்தி சேனலில் வாசிப்பாளர் வேலைக்கு ஆடிஷன் என்றால் பச்சைப் புடவையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பின்னால் இருப்பது பச்சைத் திரையாக இருந்தால், கம்ப்யூட்டர் அந்தத் திரையையும் புடவையையும் சேர்த்தே அழித்துவிடும். கழுத்துக்கு மேல் மட்டும் செய்தி வாசிக்கும்.

ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் பேச்சு நன்றாகப் போனால், “பக்கத்துல ஒரு சைட் இருக்கு, வாங்க பாத்துட்டு வரலாம்” என்று கூப்பிட வாய்ப்பு உண்டு. ஜல்லி மேலும் பலகை மேலும் நடக்க முடியாத செருப்போடு போயிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். ஃபேஷன் துறையில் விஷயம் இன்னும் நுணுக்கம். அங்கே விலையைப் பார்ப்பதில்லை, தையலைப் பார்க்கிறார்கள். உள்பக்க மடிப்பு, பொத்தான் துளை, தோள் எங்கே உட்கார்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். சுங்குடிப் புடவையோ கண்டாங்கியோ கட்டிக்கொண்டு போகலாம், அழகுதான். “இது மதுரைச் சுங்குடியா, பிரின்டா?” என்று கேட்டால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, அச்சடித்ததா என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய துணியின் பெயரைச் சொல்லி அச்சுத் துணியைக் கட்டிக்கொண்டு போய் நிற்பது, ஆடை வடிவமைப்பாளர் முன்னால் எடுபடாது.

விளம்பர நிறுவனத்தில் ஒரே தளத்தில் இரண்டு நாடுகள் உண்டு. கிளையன்ட் சர்வீசிங் ஒன்று, கிரியேட்டிவ் இன்னொன்று. முதல் நாட்டுக்காரர்கள் மசாலா கம்பெனி முதலாளியையும் சிமென்ட் கம்பெனி ஜி.எம்.மையும் பார்க்கப் போகிறவர்கள். அவர்களுக்கு மடிப்புக் கலையாத சட்டை அவசியம். காப்பி ரைட்டருக்கும் ஆர்ட் டைரக்டருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. எந்த நாற்காலிக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்பது, எந்த கம்பெனிக்கு என்பதைவிட முக்கியம். இன்னொன்று, மார்பில் பெரிய லோகோ போட்ட டி-ஷர்ட்டில் போகாதீர்கள். அந்த ஏஜென்சி அதன் போட்டி பிராண்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கலாம்.

எழுத்துப் போட்ட டி-ஷர்ட்டும் வம்புதான். டிசைன் ஸ்டூடியோவில் உங்கள் எதிரே இருப்பவர் முதலில் ஃபான்ட்டைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. காமிக் சான்ஸில் அச்சடித்த வாசகத்தோடு போனால் அது கிண்டலாக அணிந்ததா, தெரியாமல் அணிந்ததா என்று விளக்க வேண்டிவரும். தமிழ் டி-ஷர்ட் இன்னும் ஆபத்து. பாரதி மீசைக்குக் கீழே வீர வசனம், அதில் ஒரு ‘க்’ காணாமல் போயிருக்கும். பத்திரிகை அலுவலகத்து உதவி ஆசிரியர் வேலைக்கு அப்படிப் போனால், நேர்காணல் நடத்துபவரின் கை சிவப்புப் பேனாவைத் தேடும்.

சினிமா உதவி இயக்குநர் வேலைக்கு நேர்காணலே கிடையாது. சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஓர் அலுவலக வாசலில் நிற்பதுதான் நேர்காணல். நாள் முழுக்க நிற்கத் தோதான செருப்பும், டீ சிந்தினாலும் தெரியாத சட்டையும் இருந்தால் போதும்.

நீலச் சட்டையின் துரோகம்

உடை மனசை மாற்றும் என்று ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் 2012-ல் வெளியிட்டது. ஒரே வெள்ளைக் கோட்டை ஒரு சாராருக்கு ‘டாக்டர் கோட்’ என்றும், இன்னொரு சாராருக்கு ‘ஓவியர் கோட்’ என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். டாக்டர் கோட் என்று நம்பியவர்கள் கவனச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பாவம், ஓவியர் கோட்டால் யாருக்கும் பலனில்லை. 2019-ல் வேறொரு குழு அந்த ஆய்வின் முதல் சோதனையை அப்படியே திரும்பச் செய்து பார்த்தபோது பழைய முடிவு கிடைக்கவில்லை. எனவே ‘பவர் டிரஸ்ஸிங்’ பேச்சாளர்களுக்குக் காசு கொடுப்பதற்கு முன் யோசிக்கலாம்.

வியர்வை பற்றி அப்படிச் சந்தேகம் எதுவும் இல்லை. சென்னையில், மதுரையில், திருச்சியில் நேர்காணலுக்குப் போகிறவர் முதலில் ஜெயிக்க வேண்டியது வெயிலை. ப்ளேஸ்மென்ட் புகழ் வெளிர் நீலம் இருக்கிறதே, வியர்வையைக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு இணை கிடையாது. இளஞ்சாம்பல் அதற்கு அடுத்த இடம். அக்குளில் ஆரம்பிக்கும் கறை முதுகு வரை தேசப்படம் வரையும். வெள்ளையில் தெரியாது, அடர் நீலத்திலும் கறுப்பிலும் தெரியாது. கறுப்பில் காய்ந்த பிறகு உப்பு பூக்கும், அவ்வளவுதான். டி.ஐ. அறைக்குச் சாம்பல் என்றேனே, அடர் சாம்பலாக எடுத்துக்கொள்ளுங்கள். லினன் சட்டை விளம்பரத்தில் அழகு. மின்சார ரயிலில் அரை மணி நேரம் இடிபட்டு இறங்கினால் இரண்டு நாள் போட்டுப் படுத்த மாதிரி ஆகிவிடும். பைக்கில் போகிறவர்கள் வேறு சட்டையில் போய், பக்கத்து ஓட்டலில் ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு, அங்கேயே முகம் கழுவி நேர்காணல் சட்டைக்கு மாறுவது சிறந்த ஏற்பாடு. உள்ளே போனதும் நிலைமை தலைகீழ். மெஷின்களுக்காக ஏசியை உறைய வைத்திருப்பார்கள். அனிமேஷன், கேமிங் நிறுவனங்களில் பேசி அனுப்பிவிடாமல் சில மணி நேரம் டெஸ்ட் வைப்பதும் உண்டு. நனைந்த பனியனோடு அந்தக் குளிரில் உட்கார்ந்து மாடலிங் செய்து பாருங்கள், அப்புறம் தெரியும். மேலே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய ஜாக்கெட் பையில் இருக்கட்டும். வளையல், பிரேஸ்லெட் இருந்தால் டெஸ்ட்டுக்கு முன் கழற்றிவிடுங்கள். டிராயிங் டேப்லெட்டில் கை இழையும்போது கிரீச்சிடும், கோடு பிசகும்.

வீடியோ கால் என்றால் பொடிக் கட்டம், நெருக்கமான கோடு போட்ட சட்டை வேண்டாம். கேமராவில் அந்தக் கோடுகள் புழு நெளிவதுபோல அலையும். பின்னால் துணிக்கொடி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காஷுவலுக்குத்தான் செலவு அதிகம்

இந்த விஷயத்தில் எனக்குள்ள வருத்தம் ஒன்று உண்டு. ஃபார்மல் உடையின் சட்டம் எழுதப்பட்டது. ரங்கநாதன் தெருவில் ஒரு சட்டையும் பேன்ட்டும் எடுத்தால் வேலை முடிந்தது. ஷூவை ஹாஸ்டல் நண்பனிடம் கடன் வாங்கலாம். காஷுவலின் சட்டம் எங்கேயும் எழுதப்படவில்லை. எந்த டி-ஷர்ட் ‘ஸ்மார்ட்’, எந்த டி-ஷர்ட் வீட்டில் போடுவது? எந்த ஜீன்ஸ் கிழிசல் ஃபேஷன், எந்தக் கிழிசல் ஏழ்மை? இது தெரிந்தவர்கள், ஏற்கெனவே அந்த மாதிரி ஆட்களோடு வளர்ந்தவர்கள். அப்பாவோ அத்தையோ மாமாவோ அந்தத் துறையில் இருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே இந்தப் பாடம் முடிந்துவிடும். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்து, அருமையாகக் கோடு போடத் தெரிந்த, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அவர் டக்-இன் செய்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, ஃபைலோடு வருகிறார். அரைக்கால் சட்டையில் உட்கார்ந்திருக்கும் இன்டர்வியூக்காரர் ‘நம்ம கல்ச்சருக்குச் செட் ஆவாரா’ என்று யோசிக்கிறார். டிரஸ் கோடே இல்லாத அலுவலகத்தில் ஒருவர் உடையால் நிராகரிக்கப்படும் விதம் இதுதான்.

பெண்களுக்கு இதில் இரட்டைக் கணக்கு. ஆண் கசங்கிய சட்டையில் வந்தால் ‘வேலையில மூழ்கிட்டான் போல’ என்ற சலுகை கிடைக்கும். பெண்ணுக்கு அது கிடைப்பதைப் பார்த்ததில்லை. புடவை கட்டினால் ‘டீச்சர் மாதிரி’, ஜீன்ஸ் போட்டால் உறவுக்காரர்கள் பேச்சு, துப்பட்டா போட்டால் ஒரு கமென்ட், போடாவிட்டால் ஒரு கமென்ட். இதோடு “கறுப்பா இருக்கே, லைட் கலர் எடுத்துக்கடி” என்று சித்தி வேறு வந்து நிற்பார். நிறங்களைப் படித்துப் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு நிறம் சொல்லிக்கொடுக்கும் அந்தத் துணிச்சல் நம் ஊரில் மட்டும்தான் கிடைக்கும். அடர் மஞ்சளும் மயில் நீலமும் கறுத்த தோலில் எப்படி ஜொலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் இஷ்டம்.

வேட்டியில் போகலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 2014-ல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப, பெரிய விவகாரமாகி, அதே ஆண்டு தமிழக அரசு சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டம் கிளப், அரங்கு போன்ற பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடுவதைப் பற்றியது, கம்பெனி நேர்காணலைப் பற்றியது இல்லை. ஆனால் வேட்டி பழகியவர் தாராளமாகக் கட்டிக்கொண்டு போகலாம். புதிதாகக் கட்டியவர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொள்வதிலேயே மாட்டிக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் அரசாங்கம் தெளிவாக இருக்கிறது. தலைமைச் செயலக ஊழியர்கள் என்ன அணிய வேண்டும் என்று 2019-ல் தமிழக அரசு எழுத்திலேயே ஆணை போட்டது. பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்கு ஃபார்மல் பேன்ட்-சட்டை அல்லது வேட்டி. ஆணை பழைமைவாதமாக இருக்கிறது என்று அப்போது விமர்சனம் வந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் படித்தால் புரிந்தது. கோட்டையில் வேலை பார்ப்பவருக்கு இருக்கும் அந்தத் தெளிவு, ஆழ்வார்பேட்டையில் ஏதோ ஒரு மொட்டைமாடி ஸ்டூடியோவுக்குப் போகிற இருபத்திரண்டு வயதுக்காரருக்கு இல்லை.

போகிறவர்கள் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். அந்த நிறுவனத்தின் இன்ஸ்டாகிராமில் ஆயுதபூஜைப் படத்தைத் தள்ளிவிட்டு, சாதாரண நாளில் எடுத்த படத்தைத் தேடுங்கள். பின்னணியில் தற்செயலாக விழுந்தவர்களைப் பாருங்கள், அவர்கள்தான் உண்மையான டிரஸ் கோட். அதைவிடச் சற்றே சுத்தமாக, துவைத்து இஸ்திரி போட்டு, ஏற்கெனவே இரண்டு முறை உடுத்திப் பழகிய உடையில் போங்கள். சந்தேகம் இருந்தால் ஹெச்.ஆருக்கு போன் போட்டு, “மேடம், ஆபீஸ்ல வழக்கமா என்ன போட்டுட்டு வருவாங்க?” என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக வேலை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. எல்லாம் குழம்பினால் ப்ளேஸ்மென்ட் சட்டையே போதும். டையை மட்டும் விட்டுவிட்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிடுங்கள். நல்ல வேலையை லேப்டாப்பில் வைத்திருக்கிறவரைச் சட்டைக்காகத் திருப்பி அனுப்புகிற ஸ்டூடியோ, நாளைக்கு வேறு எதற்காவது அனுப்பும்.

அழைக்கிறவர்கள் செய்ய முடிந்தது இன்னும் சுலபம். ‘ஸ்மார்ட் காஷுவல்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு மெயிலில் இப்படிப் போடலாம்: “எங்கள் அலுவலகத்தில் டி-ஷர்ட், சட்டை, சுடிதார், புடவை எல்லாம் அணிகிறோம். செருப்பில் வரலாம். பேசி முடித்ததும் இரண்டு மணி நேரம் ஒரு டெஸ்ட் இருக்கும். ஏசி குளிரும், ஜாக்கெட் இருந்தால் எடுத்து வாருங்கள். வெயிலில் வருவதால் பத்து நிமிடம் முன்னதாக வந்து முகம் கழுவிக்கொள்ளலாம், ரெஸ்ட் ரூம் ரிசப்ஷனுக்கு இடதுபக்கம் இருக்கிறது.”